வீட்டு விலாசத்தில் ஒரு ஹைவே

நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் விலாசத்தில் 'லிங்கன் ஹைவே' என்று வரும். ஊர் எடிசன், நியூ ஜெர்சி. குடிவந்த புதிதில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஹைவே மேலயா வீடு எடுத்திருக்கே? ராத்திரி லாரி சத்தத்துல எப்படிம்மா தூங்குவே?" என்றார். அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹைவே என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

"அதெல்லாம் இல்லப்பா. பேர்தான் ஹைவே. இங்க எல்லாரும் இருபத்தேழுன்னுதான் சொல்லுவாங்க."

"பேரா நம்பரா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

எனக்கே அப்போது தெரியாது. வாசலில் நின்று பார்த்தால் ஒரு பல் டாக்டர், ஒரு பெட்ரோல் பங்க், சிக்னலில் நிற்கும் கார்கள். கொஞ்ச தூரத்தில் ஓக் ட்ரீ ரோடு. இட்லி மாவிலிருந்து திருமணப் பட்டு வரை கிடைக்கும் இடம். "27-ல வந்து ரைட் எடுங்க" என்றுதான் வழி சொல்கிறோம். லிங்கன் ஹைவே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை, ஜி.பி.எஸ். பெண்மணியைத் தவிர.

அப்புறம் ஒரு நாள் ஓர் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில், வாயில் புழங்குகிற மாதிரியே 'ரூட் 27' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு தெருவே இல்லையாம். படிவம் திரும்பி வந்து, மறுபடி எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் போயிற்று. வாயில் இருக்கிற பெயர் விலாசத்தில் இல்லை, விலாசத்தில் இருக்கிற பெயர் வாயில் இல்லை. இது எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தது அந்த எரிச்சலில்தான்.

முதலில் ஒன்று தெரிந்தது. 27-க்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். நியூவார்க்கிலிருந்து பிரின்ஸ்டன் வரை நாற்பது மைல்கூட இல்லாத சாலை இது. நியூவார்க்கில் ஃப்ரீலிங்ஹைசன் அவென்யூ. ராவேயில் செயின்ட் ஜார்ஜஸ் அவென்யூ. மெட்டச்சனில் மிடில்செக்ஸ் அவென்யூ. ஹைலேண்ட் பார்க்கில் ராரிட்டன் அவென்யூ. ஆற்றைத் தாண்டி நியூ பிரன்ஸ்விக்கில் ஆல்பனி ஸ்ட்ரீட், கொஞ்சம் தள்ளினால் ஃப்ரெஞ்ச் ஸ்ட்ரீட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வாசலில் நாசா ஸ்ட்ரீட். விண்வெளி நாசா இல்லை, ஆரஞ்சு-நாசா அரச வம்சத்தின் நாசா. நடுவில் எடிசன் பக்கம் மட்டும் லிங்கன் ஹைவே என்ற பெயர் சட்டையில் ஒட்டிய நூல் மாதிரி அப்படியே தங்கிவிட்டது.

சாலை காருக்கு முந்தையது. லெனாபி பழங்குடிகள் நடந்த ஒற்றையடிப் பாதையின் மேல்தான் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வண்டிப்பாதை போட்டார்கள். ராஜாவின் ஆட்சியில் அது கிங்ஸ் ஹைவே. ராஜா போன பிறகு 1806-ல் ஒரு கம்பெனி சாசனம் வாங்கி எசெக்ஸ் அண்ட் மிடில்செக்ஸ் டர்ன்பைக் என்று பெயர் வைத்துச் சுங்கம் வசூலித்தது. வழியை மறித்து ஒரு நீளக் கழி. காசு கொடுத்தால் கழியைத் திருப்பி விடுவார்கள். டர்ன்பைக் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். இப்போது பக்கத்திலேயே 1950-களில் திறந்த நியூ ஜெர்சி டர்ன்பைக் ஓடுகிறது. கழிக்குப் பதில் கேமரா வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் என் விலாசத்துக்குப் பெயர் வந்த கதை இங்கே தொடங்கவில்லை. இண்டியானாபோலிஸில், கார்ல் ஃபிஷர் என்ற மனிதரிடம் தொடங்குகிறது.

ஃபிஷர் சைக்கிள் கடைக்காரராக இருந்து, காருக்கு அசெட்டிலின் வாயு விளக்கு விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். 1909-ல் இண்டியானாபோலிஸ் கார்ப் பந்தயத் தளத்தைக் கட்டிய கூட்டாளிகளில் முக்கியமானவர். அவர் பின்னாளில் சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராத்திரி, மழை, மேல்கூரை இல்லாத கார். நண்பர்களோடு ஊர் திரும்புகிறார். பாதை மூன்றாகப் பிரிகிறது. ஒரு கம்பத்தின் உச்சியில் ஏதோ பலகை தெரிகிறது. கார் விளக்கின் வெளிச்சம் அவ்வளவு உயரம் எட்டவில்லை. ஈரக் கம்பத்தில் ஏறி, தீப்பெட்டியை எடுத்து, காற்றில் ஒவ்வொரு குச்சியாக அணைய, கடைசியில் எரிந்த குச்சியில் பலகையைப் படித்தால், வழிகாட்டி இல்லை. புகையிலை விளம்பரம்.

1912 செப்டம்பரில் கார்க் கம்பெனி முதலாளிகளை விருந்துக்கு அழைத்து ஃபிஷர் தன் திட்டத்தைச் சொன்னார். நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை ஒரே சாலை, சரளை போட்டது. செலவு ஒரு கோடி டாலர். 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த பெரும் பொருட்காட்சிக்குள் முடிக்க வேண்டும். அவர் வைத்த பெயர் 'கோஸ்ட் டு கோஸ்ட் ராக் ஹைவே'. நம் ஊரில் சொன்னால், கடலுக்குக் கடல் கப்பி ரோடு.

குட்இயர் டயர் கம்பெனியின் ஃபிராங்க் சைபர்லிங் உடனே 3 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். டயர் விற்பவருக்குச் சாலை வேண்டும், நியாயம்தானே. ஆனால் ஹென்றி ஃபோர்டு மறுத்துவிட்டார். தொழிலதிபர்களே போட்டுக் கொடுத்தால் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் சாலை போட ஒருநாளும் பழக மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஃபோர்டு கருமி என்று அப்போது பேசியிருக்கலாம். என்னைக் கேட்டால் அந்த விருந்துக் கதையில் சரியாகக் கணித்தவர் அவர்தான். அமெரிக்காவின் சாலைகளைக் கடைசியில் போட்டது அரசாங்கம்தான், முதலாளிகளின் நன்கொடை இல்லை.

லிங்கன் உள்ளே வந்தது இந்த இடத்தில். பேக்கார்டு கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி ஜாய், லிங்கனின் மேல் பக்தி உள்ளவர். வாஷிங்டனில் லிங்கனுக்கு 17 லட்சம் டாலரில் பளிங்கு மண்டபம் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை விட அவர் பெயரில் ஒரு நல்ல சாலை போடலாமே என்று ஜாய் ஃபிஷருக்கு எழுதினார். நாடாளுமன்றம் பளிங்கைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் பெயர் கையில் நின்றுவிட்டது. கப்பி ரோடு என்றால் யார் பணம் தருவார்கள்? லிங்கன் என்றால் தருவார்கள். 1913 ஜூலை 1-ம் தேதி டெட்ராய்ட்டில் லிங்கன் ஹைவே சங்கம் உருவானது, ஜாய் தலைவர். 5 டாலர் கொடுத்தால் ஒரு சான்றிதழ். முதல் சான்றிதழை வாங்கியவர் ஜனாதிபதி உட்ரோ வில்சன். பிரின்ஸ்டனில் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். அந்தச் சாலை அவருடைய பழைய அலுவலகத்து வாசல் வழியாகவே போகப் போகிறது.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. ஜாய் உண்மையாகவே நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. அவர் நம்பிக்கையும் பேக்கார்டு கார் விற்பனையும் ஒரே திசையில் ஓடின, அவ்வளவுதான்.

வழித்தடத்தை அறிவித்ததும் சண்டை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா, இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா, வயோமிங், யூட்டா, நெவாடா வழியாக சான் ஃபிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்கா வரை. மொத்தம் 3,389 மைல். (தொடங்குகிற டைம்ஸ் சதுக்கத்துக்கே 1904 வரை லாங்ஏக்கர் சதுக்கம் என்றுதான் பெயர். என் ஊருக்கு 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப். இந்தச் சாலையில் எதற்குமே முதல் பெயர் தங்கவில்லை.) தன் ஊர் வழியாக வரவில்லை என்று மாநில ஆளுநர்களே கோபித்துக்கொண்டார்கள். கொலராடோவுக்கு ஒரு கிளை போட்டுக் கொடுத்து, பின்னால் அதையும் வெட்டிவிட்டார்கள். முடிந்தவரை நேர்க்கோடு வேண்டும் என்பது ஜாயின் பிடிவாதம். அதனால்தான் சிகாகோவுக்குள் போகாமல் தெற்கே ஒதுங்கிப் போகிறது.

'வழித்தடம்' என்றேனே தவிர, புதிதாகச் சாலை போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே இருந்த மண்பாதைகளைக் கோர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். நியூ ஜெர்சிக்குப் பெரிய கவலை இல்லை. 1891-லேயே சாலைக்கு மாநில நிதி தரச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அது. மேற்கே போகப் போகத்தான் வேஷம் கலையும். அயோவாவில் மழை பெய்தால் களிமண் பசை மாதிரி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். 1916-ம் ஆண்டு சங்கம் போட்ட கையேட்டில் கோடாரி, மண்வெட்டி, சங்கிலி, ஜாக்கி எல்லாம் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஓடையில் காரை இறக்கும் முன் நீங்கள் இறங்கி நடந்து ஆழம் பாருங்கள், புதுச் செருப்பு போடாதீர்கள் என்று அறிவுரை. யூட்டா பாலைவனத்தில் ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்துக்குச் சொன்ன யோசனைதான் உச்சம்: கார் மாட்டிக்கொண்டால் புதரைப் பிடுங்கித் தீ வையுங்கள், இருபது மைல் தள்ளி இருக்கும் பண்ணைக்காரர் பார்த்துவிட்டுக் குதிரைகளோடு வருவார். கடலிலிருந்து கடலுக்கு 20 முதல் 30 நாள் பிடிக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலருக்கு மேல் ஆகாது என்று கணக்கும் போட்டிருந்தார்கள்.

அப்பாவிடம் இதில் எதைச் சொன்னாலும் சிரிப்பார். 'விதை மைல்' கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். சங்கத்திடம் முழுச் சாலை போடப் பணம் இல்லை. சிமெண்ட் கம்பெனிகள் சிமெண்டை இலவசமாகக் கொடுத்தன. அதை வைத்து, ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் சேறாக இருக்கிற இடமாகப் பார்த்து, நடுவில் ஒரே ஒரு மைல் மட்டும் கான்கிரீட் போடுவது. முதலாவது 1914-ல் இல்லினாயில் மால்டா என்ற ஊர்ப் பக்கம். சேற்றில் குலுங்கி வருகிறவன் திடீரென்று வழவழவென்று ஒரு மைல் போவான், அப்புறம் தடாலென்று மறுபடி சேற்றில் விழுவான். வீட்டுக்குப் போன கையோடு கவுன்டி ஆபீசுக்கு மனு எழுதுவான். "ஊருக்கு வெளியில போட்டான் பாரு, அங்கதான் இருக்கு சூட்சுமம். ஊருக்குள்ள போட்டிருந்தா கார் இருக்கிறவன் சுத்திச் சுத்தி அங்கயே ஓட்டிட்டு இருப்பான், மனு வராது" என்றார் அப்பா. முப்பது வருஷம் மனு வாங்கிய அனுபவம்.

1919-ல் ராணுவமே இந்தச் சாலையைச் சோதித்தது. வாஷிங்டனில் புறப்பட்ட வண்டி வரிசை கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் ஹைவேயைப் பிடித்து, 62 நாளில் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தது. சராசரி வேகம் மணிக்கு 6 மைல். சைக்கிள் தோற்காது. கூடப் போன இளம் அதிகாரி ஐசனோவர், 1956-ல் ஜனாதிபதியாக, மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் விரைவுச் சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தில் வந்த ஐ-80 மேற்கே பல இடங்களில் லிங்கன் ஹைவேயை விழுங்கியது.

ஆனால் பெயரைக் கொன்றது ஐ-80 இல்லை. அதற்கு முப்பது வருஷம் முன்பே வேலை முடிந்துவிட்டது.

லிங்கன் ஹைவே ஜெயித்ததுதான் வினை. அதைப் பார்த்து டிக்ஸி ஹைவே, ஜெஃபர்சன் ஹைவே, யெல்லோஸ்டோன் டிரெயில் என்று சங்கங்கள் முளைத்தன. டிக்ஸியை ஆரம்பித்ததும் ஃபிஷரேதான். 1920-களின் நடுவில் 250-க்கும் மேற்பட்ட பெயர்ச் சாலைகள். ஒவ்வொரு சங்கமும் தந்திக் கம்பங்களில் தன் நிறத்தில் பட்டை அடிக்கும். லிங்கனுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம். நடுவில் ஒரு 'எல்'. ஒரே சாலை நான்கு சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தால் ஒரே கம்பத்தில் நான்கு பட்டை. சில சங்கங்கள் ஊர் ஊராகச் சந்தா வாங்கிக்கொண்டு பெயின்ட் அடித்ததோடு சரி. புகையிலை விளம்பரத்தைப் படிக்க ஃபிஷர் கம்பம் ஏறிய காலத்தில் வழிகாட்டி இல்லை. இப்போது கம்பம் முழுக்க வழிகாட்டி, வழிதான் தெரியவில்லை.

1925-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும் என்றார்கள். வடக்கு-தெற்கு ஒற்றைப்படை, கிழக்கு-மேற்கு இரட்டைப்படை. 1926 நவம்பர் 11-ம் தேதி திட்டம் நிறைவேறியது. லிங்கன் ஹைவேக்கு ஒரே எண்ணாவது கொடுப்பார்கள் என்று சங்கம் எதிர்பார்த்தது. கிடைக்கவில்லை. நியூ ஜெர்சிப் பக்கம் யு.எஸ். 1. பிலடெல்பியாவிலிருந்து வயோமிங் வரை பெரும்பகுதி யு.எஸ். 30. அதற்கப்பால் துண்டு துண்டாக 530, 40, 50. மறு வருஷமே நியூ ஜெர்சியும் தன் மாநிலச் சாலை எண்களை மாற்றி எழுதியது. அதில் வந்ததுதான் எங்கள் 27. யு.எஸ். 1 நேராக வேறு தடத்தில் அகலமாகி வேகம் பிடித்தது. பழைய சாலை பல் டாக்டர்களுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் வந்து சேர்ந்தது.

பயணிக்கு எண்தான் சௌகரியம், அதில் சந்தேகமில்லை. அரசு செய்தது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனாலும் சங்கம் தன் கடைசிக் காரியமாகச் செய்தது மனதைத் தொடுகிறது. 1928 செப்டம்பர் 1-ம் தேதி, ஒரே நாளில், நாடு முழுக்கச் சாரணச் சிறுவர்கள் ஏறக்குறைய 3,000 கான்கிரீட் கம்பங்களை நட்டார்கள். ஒவ்வொன்றிலும் நீல 'எல்', திசை காட்டும் அம்பு, லிங்கன் முகம் பொறித்த சின்ன வெண்கல வில்லை. எண்கள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வழி காட்ட அந்தக் கம்பங்கள் தேவையே இல்லை.

போன வருஷம் சிகாகோவிலிருந்து மேற்கே ஓட்டிப் போனபோது, ஐ-80-ஐ விட்டு விலகி அயோவாவில் டாமா என்ற ஊருக்குப் போனேன். 1915-ல் கட்டிய ஒரு குட்டிப் பாலம் அங்கே இருக்கிறது. கவனிக்காமல் போனால் பாலம் என்றே தெரியாது. கீழே ஓடுவது ஒரு ஓடை. ஆனால் கைப்பிடிச் சுவரில் தூண்களுக்குப் பதில் பெரிய கான்கிரீட் எழுத்துகள். 'லிங்கன் ஹைவே' என்று ஆங்கிலத்தில் வார்த்தே விட்டிருக்கிறார்கள். எழுத்துகளுக்கு இடையில் ஓடைத் தண்ணீர் தெரிகிறது. பலகை என்றால் கழற்றிவிடலாம். பாலத்தையே இடித்தால்தான் இந்தப் பெயர் போகும். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "கம்பி வெளியில தெரியுதா பாரு" என்று பதில் வந்தது.

இந்தக் கோடையில் அப்பா இங்கே வந்திருந்தார். பெயர்க் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு எத்தனை நம்பர் மாத்தியிருக்கோம், எவன் சொல்றான்?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை 27-ஐப் பிடித்து பிரின்ஸ்டன் பக்கம் கூட்டிப் போனேன். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் கிங்ஸ்டன். அங்கே மில்ஸ்டோன் ஆற்றின் மேல் பழைய கல் பாலம் இருக்கிறது. 1798-ல் கட்டியது. கோச் வண்டிகள் போன பாலம். பின்னால் லிங்கன் ஹைவே கார்களும் இதன் மேல்தான் போயின. இப்போது 27 பக்கத்தில் புதுப் பாலத்தில் போகிறது. பழையதில் யாராவது தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அப்பா முதலில் குனிந்து வளைவுகளைப் பார்த்தார். கல் இணைப்புகளை விரலால் தடவினார். "சுண்ணாம்புச் சாந்து. அப்புறம் யாரோ சிமெண்ட் பூசியிருக்கான், பூசியிருக்கக் கூடாது" என்றார். சுவரில் பதித்த கல்வெட்டைக் காட்டினேன். கிங்ஸ்டன் பாலம், பிலடெல்பியாவுக்கு 45 மைல், நியூயார்க்குக்கு 50 மைல், 1798. சாலையின் பெயர் இல்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"ஐம்பது மைல் சரி. நியூயார்க்ல எந்த இடத்துலேர்ந்து?"

"அது போடலப்பா."

"ஜீரோ கல்லு எங்கேன்னு சொல்லாம தூரம் போட்டா எப்படிம்மா? நாங்க போட்டிருந்தா மெமோ கொடுத்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் போகும்போது காரில் மீட்டரைச் சுழியாக்கச் சொன்னார்.